காளை கொழுத்தது யாரால்?

ஏலக் கொட்டகையின் கதவு திறக்கிறது. காளை உள்ளே வருகிறது. கருமேகம் கால் முளைத்து நடந்து வந்தாற்போல ஓர் உருவம்! அகன்ற முதுகு, அசையாத பார்வை, எண்ணெய் தடவியது போல் மின்னும் தோல். ஏலக்காரர் மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார். சுற்றிலும் அமர்ந்திருக்கும் மாட்டுக்காரர்கள் கையிலே ஆளுக்கொரு புத்தகம். அந்தப் புத்தகத்திலே ஒவ்வொரு காளைக்கும் இருவகை எண்கள். ஒன்று, அந்தக் காளையைத் தராசில் ஏற்றி நிறுத்துக் கண்ட எடை. மற்றொன்று, அந்தக் காளைக்குப் பிறக்கப்போகும் கன்றுகள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் எண்.

எதை நம்பிப் பணத்தைக் கொட்டுவது? அமெரிக்காவின் மான்டானாவிலும் நெப்ராஸ்காவிலும் டெக்சாசிலும் இறைச்சி மாடு வளர்ப்போரிடையே அரை நூற்றாண்டாக ஓயாமல் நடக்கும் வழக்கு இது.

நமக்கென்ன அந்த மாட்டு வழக்கில் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், தோழர்களே! "கண்ணால் கண்டது மெய், கணக்குப் போட்டுச் சொல்வது பொய்" என்று ஒருவன் சொன்னால் நம் தலை தானாகவே ஆடும். உழைப்பவன் எவனும் தராசை நம்புவான், தாளை நம்பமாட்டான். தாளைக் காட்டி ஏமாற்றப்பட்டவன் அவன்! ஆனால் தராசும் ஏமாற்றும் என்பதை அந்த மாட்டுக்காரர்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில், தவறினால் யார் தலையில் விடிகிறது என்று பாருங்கள். பெரிய பண்ணைக்காரன் ஒரே நாளில் பத்துக் காளை வாங்குவான். ஒன்று சோடை போனாலும் மற்ற ஒன்பது அவனைக் கரை சேர்க்கும். முப்பது பசுவை வைத்துக்கொண்டு, பகலெல்லாம் வேறிடத்தில் கூலிக்கு உழைத்து, பொழுது சாய்ந்த பிறகு தொழுவத்துக்குத் திரும்புகிற மனிதன் வாங்குவது ஒரே ஒரு காளை. ஆண்டுக்கு இருபத்தைந்து, முப்பது பசுக்களைச் சினைப்படுத்தும் அந்தக் காளை நாலைந்து ஆண்டு இருந்தால் நூறு கன்றுக்குத் தகப்பன். அந்தக் கிடாரிகளையே தாய்ப்பசுக்களாக வைத்துக்கொள்வது அவன் வழக்கம் என்றால், கணக்கு இன்னும் கடுமை. கன்றின் உடலிலே தகப்பன் பங்கு அரை. தாயைப் பெற்ற காளையின் பங்கு கால். அதற்கு முந்திய காளையின் பங்கு அரைக்கால். மூன்றையும் கூட்டினால் முக்காலே அரைக்கால், நூற்றுக்கு 87.5! மூன்று முறை ஏலத்தில் கையுயர்த்தியதுதான் அவன் மந்தை முழுவதும்.

அதிலும் தலையீற்றுக் கிடாரிக்குப் பொருந்தாத காளை வாய்த்துவிட்டால், உறைபனி இரவிலே, கன்றின் காலில் சங்கிலி பூட்டி இழுத்துக்கொண்டிருப்பான் அந்த மனிதன். கன்று போகலாம், தாயும் சேர்ந்து போகலாம். பொழுது விடிந்தால் வேலைக்குப் போகவேண்டும் வேறு.

சரி, தராசு என்ன சொல்கிறது?

இரண்டு காளைகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் நாமே எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டவை. முதற்காளை, தாய்ப்பால் மறக்கும் பருவத்திலே 760 ராத்தல் நின்றது. இரண்டாவது காளை, அதே பருவத்திலே 640 ராத்தல். (ராத்தல் என்பது பவுண்டுதான், அந்த நாட்டிலே இன்னும் அதிலேதான் நிறுக்கிறார்கள்.) 120 ராத்தல் வேறுபாடு! கண்ணை மூடிக்கொண்டு முதற்காளையை வாங்கு என்கிறது தராசு.

தராசைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்வோம். முதற்காளையின் தாய்க்கு வயதென்ன? ஆறு. பால் சுரப்பிலே முழு வளமுள்ள பருவம். இரண்டாவது காளையின் தாய்க்கு? இரண்டு வயது. தானே வளர்ந்து முடியாத இளம்பசு. அதன் மடியிலே எவ்வளவு பால் இருக்கும்? அந்த நாட்டு இறைச்சி மாட்டு மேம்பாட்டுக் கூட்டமைப்பின் பொது அட்டவணைப்படி, இரண்டு வயதுத் தாயின் காளைக்கன்றுக்கு 60 ராத்தல் கூட்டிக் கணக்கிட வேண்டும். மூன்று வயதுத் தாய் என்றால் 40. நான்கு வயது என்றால் 20. ஐந்திலிருந்து பத்து வயது வரை கூட்டுவதற்கொன்றுமில்லை. ஆக 120 என்று மார்தட்டிய வேறுபாட்டிலே பாதி, காளையுடையதே அல்ல, தாயின் வயதுடையது!

மீதிப் பாதி? முதற்காளைக்குத் தாய்ப்பாலோடு தனித்தொட்டியிலே தானியமும் வைத்தார்களாம். இரண்டாவது காளை மழை பொய்த்த மேய்ச்சல் நிலத்திலே காய்ந்த புல்லைக் கடித்து வளர்ந்தது. நிறுத்த நாளிலே இரண்டுக்கும் வயது ஒன்றா? அதையும் பார்க்கவேண்டும். ஆகவேதான் பால் மறக்கும் எடையை 205 நாளுக்கும், ஓராண்டு எடையை 365 நாளுக்கும் சமன்செய்து எழுதுவது அங்கே முறையாயிற்று.

தராசு பொய் சொல்லவில்லை, தோழர்களே. 760 என்றது, 760 தான். ஆனால் கொழுத்தது யாரால் என்று தராசைக் கேட்டால் அது வாய் திறவாது. தாயின் மடி, தொட்டியின் தானியம், பெய்த மழை, பிறந்த மாதம் இத்தனையும் ஏறி நின்ற எடையை, காளை ஒன்றின் பெயரிலே எழுதி வைத்துவிட்டுப் போய்விடும். தானியத்தையும் மழையையும் காளை தன் கன்றுக்குக் கொடுக்கமுடியுமா? முடியாது. உடலிலே ஊறிய கூற்றை மட்டுந்தான் கொடுக்கமுடியும், அதிலும் பாதியைத்தான்.

இதற்கும் ஒரு கணக்குண்டு. பால் மறக்கும் எடையிலே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழக் கால்பங்குதான் பிறவி வழி வருவது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். ஒரே தொழுவத்திலே, ஒரே தீவனத்திலே வளர்ந்த கூட்டாளிகளைவிட ஒரு காளை 100 ராத்தல் மிகுந்து நின்றால், அதிலே 25 ராத்தல்தான் அதன் சொந்தச் சரக்கு. அதில் பாதி, பன்னிரண்டரை ராத்தல், கன்றுக்குப் போகும். நூறு ராத்தலுக்கு விலை கொடுத்தவன் கைக்கு வருவது பன்னிரண்டரை! மாடு ஈன்று எடுப்பதிலே உள்ள திறன், சினை பிடிக்கும் வளம் போன்றவற்றிலே பிறவிப் பங்கு இன்னும் குறைவு. ஒரு விலங்கின் சொந்தக் குறிப்பை மட்டும் வைத்து அங்கே அதிகம் சொல்ல இயலாது.

கூட்டாளிகள் என்றேன் அல்லவா, அந்தச் சொல்லில்தான் இந்த முறையின் உயிர்நாடி இருக்கிறது. ஒரே பருவத்திலே பிறந்து, ஒரே இடத்திலே மேய்ந்து, ஒரே தீவனம் தின்ற கன்றுகளை ஒரு குழுவாக வைத்து, அந்தக் குழுவுக்குள்ளேதான் எது மேல் எது கீழ் என்று பார்க்கலாம். தொட்டித் தானியம் தின்றதையும் காய்ந்த புல் தின்றதையும் ஒரே வரிசையில் நிறுத்திப் போட்டி வைக்கக்கூடாது என்பது விதி. மாட்டுக்கு இந்த நியாயத்தை மறுப்பார் எவருமில்லை. மனிதப் பிள்ளைகளுக்கு இதே நியாயத்தைக் கேட்டபோது எழுந்த கூச்சலை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

இப்போது அந்த இரண்டாவது எண்ணுக்கு வருவோம். இ.பி.டி. என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்கள். கன்றுகளிடத்தே எதிர்பார்க்கப்படும் வேறுபாடு என்பது பொருள். முதற்காளைக்குப் பால் மறக்கும் எடையிலே 55, இரண்டாவது காளைக்கு 70 என்று புத்தகத்திலே இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். காளையின் எடை அல்ல அது. கன்றின் எடையும் அல்ல. ஒத்த பசுக்களோடு இரண்டையும் சேர்த்தால், இரண்டாவதன் கன்றுகள் முதற்காளையின் கன்றுகளைவிடச் சராசரியாக 15 ராத்தல் கூடுதலாக நிற்கும் என்பதுதான் செய்தி. தராசிலே தோற்ற காளை, கணக்கிலே வெல்கிறது!

எந்தச் சோதிடன் கணித்தான் இதை என்று கேட்கலாம். சோதிடமல்ல. அயோவா மாநிலத்திலே 1911-இல் பிறந்து, கார்னெல் பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய சார்லஸ் ஹெண்டர்சன் என்பவர் வகுத்த கணக்கு முறை. அவருக்கு முன்னோடி அயோவா மாநிலக் கல்லூரியின் ஜே லஷ். 1937-இல் விலங்கு வளர்ப்புத் திட்டங்கள் பற்றி அவர் எழுதிய நூலே அந்தத் துறைக்கு அடித்தளம். ஹெண்டர்சன் முறை என்ன செய்கிறது? காளையின் சொந்த எடையை எடுத்துக்கொள்கிறது. தாய், தகப்பன், அண்ணன், தம்பி, பெற்றெடுத்த கன்று, எங்கோ ஆயிரம் கல் தொலைவிலே வளரும் சிற்றப்பன் மகன், அத்தனை பேருடைய அளவுகளையும், அவரவர் கூட்டாளிகளோடு ஒப்பிட்டு, உறவின் நெருக்கத்துக்கு ஏற்ப எடைபோட்டு, சூழலையும் பிறவியையும் பிரித்தெடுக்கிறது. இலட்சக்கணக்கான சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கவேண்டிய வேலை. எண்கணிப் பொறிகள் வளர வளரத்தான் கைகூடிற்று. 1971-இல் அமெரிக்க சிமென்டல் சங்கம், இறைச்சிக் காளைகளுக்கான நாடு தழுவிய முதல் தரப்பட்டியலை வெளியிட்டது. மற்ற இனச் சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன.

அதற்கு முன்னே என்ன வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்? கண்ணை வைத்து! கண்காட்சி நடுவர் கண்டு மயங்கியதே நல்ல காளை. 1940-களிலே குட்டையாக, கட்டையாக, பீப்பாய் போலிருப்பதே அழகு என்றார்கள். குட்டையாக்கிக் குட்டையாக்கிக் கொண்டுபோனதிலே, 1950-களில் ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ் மந்தைகளிலே குள்ளக் கன்றுகள் பிறக்கலாயின. மூச்சுவிடத் திணறி, வயிறு உப்பி, வளராமலே மடியும் கன்றுகள். பட்டம் பெற்ற காளைகளின் வம்சங்களிலே அந்த நோய்க்கூறு ஒளிந்திருந்தது! விழித்துக்கொண்டவர்கள் திருந்தினார்களா? 1970-களிலும் 80-களிலும் மறுகோடிக்கு ஓடினார்கள். உயரம், உயரம் என்று ஒட்டகம் போன்ற மாடுகளுக்குப் பரிசளித்தார்கள். சினை பிடிக்காது, சதை பிடிக்காது, ஆனால் கழுத்திலே பரிசு நாடா தொங்கும்.

அந்த மயக்கத்தை முதலில் எதிர்த்து நின்றது தராசுதான் என்பதையும் சொல்லவேண்டும். 1941-இல் டெக்சாசின் பால்மோரியாவிலே, பல பண்ணைக் காளைகளை ஓரிடத்தில் கட்டி, ஒரே தீவனம் போட்டு நிறுத்துப் பார்க்கும் சோதனை நிலையம் தொடங்கினார்கள். மான்டானாவின் மைல்ஸ் நகரிலே அரசு ஆராய்ச்சி நிலையம் 1934 முதலே 'முதல் வரிசை' என்று ஒரு ஹியர்ஃபோர்டு மந்தையை வெளிக்கலப்பு இல்லாமல் வளர்த்து அளந்து வந்தது. ஆகவே தராசைப் பழிப்பது என் நோக்கமல்ல. கண்ணைத் தராசு வென்றது. தராசைக் கணக்கு வென்றது.

இங்கே நம் தோழர் ஒருவர் எழுந்து கேட்பார்: "பிறவி வழி, பிறவி வழி என்கிறீரே, பழைய குலப்பெருமைதானே இது? தகப்பன் பெயரைச் சொல்லி மகனை விற்கிற தந்திரந்தானே?" நல்ல கேள்வி. விடையும் நன்றாகவே இருக்கிறது. குலப்பெருமை என்பது என்ன? தகப்பன் பட்டம் வாங்கினான், ஆகவே மகனும் உயர்ந்தவன். அத்தோடு பேச்சு முடிந்தது. மகனை நிறுக்கவும் வேண்டாம், அவன் கன்றைப் பார்க்கவும் வேண்டாம்! இந்தக் கணக்கோ, பிறந்த அன்று ஒரே தாய் தகப்பனின் இரு காளைகளுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கும். ஆனால் அங்கே நிற்காது. எடை வந்ததும் எண் மாறும். கன்றுகள் பிறந்து அவற்றின் எடை வந்ததும் மறுபடி மாறும். பெயர்பெற்ற தகப்பனின் மகன் கீழே போவதுண்டு. பேர் தெரியாத பசுவின் மகன் மேலே ஏறுவதுண்டு. அண்ணன் தம்பி இருவரும் பெற்றோரிடம் பெற்றது அதே பாதி அல்ல, வேறு வேறு பாதி என்பதை அது அறியும். எண்ணுக்குப் பக்கத்திலேயே நம்பகம் என்று இன்னொரு எண்ணும் அச்சிட்டிருக்கும், சுழியிலிருந்து ஒன்றுக்குள். இளங்காளைக்கு அது சுழியை ஒட்டிக் கிடக்கும். நூற்றுக்கணக்கான கன்றுகளைப் பெற்று நிலைநாட்டிய காளைக்கு ஒன்றை ஒட்டி நிற்கும். நான் இவ்வளவுதான் அறிவேன் என்று தன் அறியாமையின் அளவையும் சேர்த்துச் சொல்கிற கணக்கு! எந்தக் குலப்பெருமை அப்படிச் சொல்லியிருக்கிறது?

அண்மையிலே இந்தக் கணக்குக்கு ஒரு புதுத் துணை வந்தது. மைல்ஸ் நகரின் அந்த முதல் வரிசை மந்தையில் பிறந்த டாமினெட் என்ற பசுவின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்து 2009-இல் வெளியிட்டார்கள். மாட்டினத்திலே முதன்முதல் படிக்கப்பட்டது அதுதான். இன்று காளைக்கன்றின் காது நுனியிலே ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினால், பல்லாயிரம் இடங்களிலே அதன் மரபணு எப்படி அமைந்திருக்கிறது என்று படித்து, கணக்கோடு சேர்த்துவிடுகிறார்கள். ஒரு கன்றைக்கூடப் பெறாத இளங்காளைக்கு, பல குணங்களிலே, பத்துக் கன்று பெற்றுக் காட்டியதற்கு ஈடான நம்பகமும் அதற்கு மேலும் கிடைக்கிறது.

அப்படியானால் தராசைத் தூக்கி எறிந்துவிடலாமா? அங்கேயும் சிலர் அப்படித்தான் நினைத்தார்கள். மரபணு படித்தாயிற்று, இனி எதற்கு நிறுத்துக்கொண்டு கிடப்பது என்றார்கள். கேடு கெட்ட யோசனை! மரபணுவின் எந்த இடம் எடை கூட்டும், எந்த இடம் குறைக்கும் என்பதைக் கணக்கு எங்கிருந்து கற்றது? நிறுத்து எழுதி அனுப்பிய இலட்சக்கணக்கான கன்றுகளிடமிருந்து. நிறுப்பதை நிறுத்தினால், சில தலைமுறையிலே அந்தக் கணக்கு கண்ணிழந்து போகும். ஆகவே அளவா, கணிப்பா என்று வழக்காடுவதே பிழை. அளப்பது காளையை வளர்த்து விற்பவன் கடமை. கணிப்பைப் படிப்பது வாங்குபவன் வேலை. விற்பவன் தன் கடமையைக் கைகழுவிவிட்டு, வாங்குபவனைப் பார்த்து, "இதோ பார் எடை!" என்று கொழுத்த காளையைக் காட்டுகிறான் அல்லவா, வம்பு அங்கேதான்.

விற்பவர்களின் வேலைகள் பல. நூறு கன்றிலே எழுபதை மட்டும் நிறுத்து எழுதி அனுப்புவார்கள். மெலிந்த முப்பது ஏட்டிலேயே ஏறாது. மெலிந்தவை மறைந்தால் கூட்டாளிகளின் சராசரி உயர்கிறது. நல்ல காளைக்குக் கிடைக்கவேண்டிய மதிப்பு குறைகிறது. தன் காலிலே தானே வெட்டிக்கொள்கிறான் என்பதுகூடத் தெரியாமல் செய்பவர்கள் உண்டு. பிறந்த எடையைத் தராசில் ஏற்றாமலே, கன்றைக் கண்ணால் பார்த்து, எண்பது என்று எழுதிவிடுவதும் உண்டு. ஒரு செல்லக் காளைக்கு மட்டும் தனித்தீவனம் போட்டுவிட்டு, அதையும் மந்தையோடு சேர்த்து எழுதுவதும் உண்டு. கணக்கு எவ்வளவு கெட்டியானாலும், பொய்யை ஊட்டினால் பொய்யைத்தான் கக்கும். மந்தை முழுவதையும் எழுதி அனுப்பினீரா என்று வாங்குபவன் கேட்கத் தொடங்கினால் பாதி வித்தை அடங்கும்.

பிறந்த எடையிலே வாங்குபவனும் ஒரு தவறு செய்கிறான். புத்தகத்திலே கன்று ஈனும் எளிமைக்கென்று தனி இ.பி.டி. இருக்கிறது; முதல் ஈற்றுக் கிடாரிகளில் நூற்றுக்கு எத்தனை உதவியில்லாமல் ஈனும் என்பதைச் சொல்வது. காளை பிறந்தபோது இருந்த எடை அதற்குள்ளேயே கலந்து கணக்கிடப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகும், "இது பிறந்தபோது 92 ராத்தலாமே, வேண்டாம்" என்று ஒதுக்கிவிடுகிறான். ஒரே சான்றை இரண்டு முறை எண்ணுகிறான்! அந்த 92-இலே குளிருக்கும் பங்குண்டு. நெப்ராஸ்கா ஆராய்ச்சியிலே, கடுங்குளிர் காலத்துக்குப் பின் பிறந்த கன்றுகள், மிதமான குளிர்காலத்துக்குப் பின் பிறந்தவற்றைவிடக் கனத்து நின்றன. தெற்கே வெப்பத்தில் பிறந்த 70 ராத்தல் கன்றும், வடக்கே பனியில் பிறந்த 92 ராத்தல் கன்றும் பிறவியிலே ஒன்றாகவே இருக்கக்கூடும்.

ஓர் இனத்தின் எண்ணை மற்றோர் இனத்தின் எண்ணோடு நேரே ஒப்பிடுவதும் ஆகாது. ஆங்கஸ் சங்கத்தின் 70 வேறு, ஹியர்ஃபோர்டு சங்கத்தின் 70 வேறு. நெப்ராஸ்காவின் கிளே சென்டரிலுள்ள அரசு ஆராய்ச்சி நிலையம், இனத்துக்கு இனம் எவ்வளவு கூட்டிக் குறைக்கவேண்டும் என்று அட்டவணை வெளியிடுகிறது. அந்த அட்டவணையிலே நம் நாட்டு வழி வந்த ஓர் இனமும் இருக்கிறது. நெல்லூர், கிர், குசராத் மாடுகளைக் கலந்து அமெரிக்கத் தெற்கிலே உருவாக்கி, 1924-இல் சங்கமும் கண்டார்கள். பெயர் என்ன தெரியுமோ? பிராமன்! புருவத்தை நெரிக்காதீர்கள், அதுவும் இறைச்சி மாடுதான்.

கணக்கு எங்கே தோற்கும் என்பதையும் சொல்லவேண்டும். இ.பி.டி. எண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், காளைக்குக் குளம்பு கோணல் என்றால் மேய்ச்சல் நிலத்திலே பசுவைத் தேடி நடக்காது. பொலிகாளைச் சோதனையிலே தேறாததை வாங்கக்கூடாது. ஓராண்டைக் கடந்து பதினைந்து மாதத்துக்குட்பட்ட காளைக்கு விரைப்பையின் சுற்றளவு 30 சென்டிமீட்டராவது இருக்கவேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்த எல்லை. ஆளைக் கண்டால் பாயும் காளையை, எண்ணைப் பார்த்து வாங்குபவன் மருத்துவமனைக்கு வழி தேடிக்கொள்கிறான். இவையெல்லாம் கண்ணும் கையும் அறியவேண்டியவை.

எண்ணையே வெறியாகத் துரத்துவதும் உண்டு. எடை எண், பால் எண் இரண்டையும் ஏற்றிக்கொண்டே போனால் மகள்கள் பெருத்த பசுக்களாகி, பெருந்தீனி கேட்கும். மழை வளமுள்ள இடத்திலே தாங்கும். வறண்ட சீமையிலே பட்டினி கிடந்து சினை பிடிக்காமல் நிற்கும். அதற்காகத்தான் பல குணங்களையும் வரவு செலவோடு சேர்த்து ஒரே எண்ணாக்கும் முறையை, 1943-இலேயே லானாய் ஹேசல் என்ற அறிஞர் வகுத்துக் கொடுத்தார்.

நேரே அளந்தே தீரவேண்டிய ஓர் இடம் கொலராடோ மலைநாடு. அங்கே உயரமான மேய்ச்சல் நிலங்களிலே காற்று மெலிந்திருக்கும். நுரையீரலுக்குப் போகும் குழாயிலே அழுத்தம் ஏறி, இதயம் தளர்ந்து, மாட்டின் நெஞ்சுத் தொங்கலிலே நீர் கோத்துக்கொள்ளும், மாடு மடியும். 1915-இலேயே கொலராடோ ஆராய்ச்சியாளர் இந்த நோயைப் பற்றி எழுதினார்கள். தரைநாட்டிலே பிறந்து வளர்ந்த காளை, எடையிலே முதல், கணக்கிலே முதல் என்று மாலை சூட்டி மலைக்கு ஏற்றிவந்தால், சில மாதத்திலே காலை நீட்டிவிடக்கூடும். இந்தக் குணமும் பிறவி வழி வருவதுதான். ஆங்கஸ் சங்கம் இதற்கும் ஒரு இ.பி.டி. வெளியிடுகிறது. ஆயினும் மலைநாட்டுக்காரர்கள் அத்தோடு விடுவதில்லை. 5,000 அடிக்கு மேலே காளையைக் கொண்டுவந்து, சில வாரம் பழகவிட்டு, கழுத்து நரம்பின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நுரையீரல் குழாயின் அழுத்தத்தை மருத்துவர் அளந்து எழுதித் தரவேண்டும். எந்த உயரத்தில் அளந்தது, எத்தனை மாத வயதிலே அளந்தது என்பதையும் அந்தத் தாளிலே பார்த்துவிட்டுத்தான் அவர்கள் விலை கேட்கத் தொடங்குகிறார்கள்.